எஞ்சின் சொல்லும் சாட்சியம்

சென்ற மாரிகாலத்தில் இங்கிலாந்திலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர், என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த பழைய நண்பர். இன்று அங்கே வைத்தியராக இருக்கிறார். சிறு வயது தொட்டே மோட்டார்ப் பித்துப் பிடித்தவர். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் அவர் வரைந்த கார்ப் படங்களுக்காக நானும் சேர்ந்து அடி வாங்கியதுண்டு. அவர் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்:

"1962ஆம் ஆண்டில் செய்த ஜகுவார் ஈ-ரைப் வண்டியொன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் செய்யக்கூடிய செலவு. வண்டியோடு பிறந்த எஞ்சினே அதில் இருக்கிறது, இலக்கங்கள் யாவும் பொருந்துகின்றன என்று விற்பவர் சொல்கிறார். அதற்கேற்ற விலையும் கேட்கிறார். நீ செப்பேடு, கல்வெட்டு என்று மெய் பொய் ஆராய்பவன் அல்லவா? இதை எப்படிப் பார்ப்பது என்று சொல்."

நான் மோட்டார் நூல் கற்றவனல்லேன்; சரித்திரம் படிப்பிப்பவன். ஆயினும் நண்பரின் கேள்வியைச் சிந்திக்கச் சிந்திக்க, அது என் வகுப்பறைக் கேள்வியே என்பது புலனாயிற்று. ஒரு பொருள் தன்னைப்பற்றித் தானே சொல்லும் கதையை எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்விக்கு விடை தேடும் முறையை வாசகர்களோடு, சிறப்பாக மாணவர்களோடு, இவ்வாரம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏன் இந்த ஆராய்ச்சி?

ஈ-ரைப் வண்டி 1961 மார்ச் மாதத்தில் ஜெனீவா மோட்டார்க் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாயிற்று. நீண்ட மூக்கும் தாழ்ந்த உடலும் கொண்ட அவ்வண்டி மணிக்கு ஏறக்குறைய 150 மைல் ஓடும் எனப் புகழ் பெற்றது. அத்தகைய வண்டி இங்கிலாந்தில் அன்று ஏறத்தாழ 2,100 பவுணுக்கு விலையானது. உற்பத்தி நின்ற 1974 வரையில் 72,000க்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.

ஆயின், எந்தப் புது மணப்பெண்ணும் ஒரு நாள் பாட்டியாவாள். பத்தாண்டு கழிந்ததும் ஈ-ரைப்பும் வெறும் பழைய கார் ஆயிற்று. எண்ணெய் குடித்தது, புகை தள்ளியது. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்தால் எஞ்சினின் இரும்புடல் வெடிக்கவும் கூடும். அப்போது உரியவர் என்ன செய்வார்? பழுதான எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வேறொரு ஜகுவாரின் எஞ்சினை வாங்கிப் பொருத்துவார். அது கடினமான காரியமுமன்று. ஏனெனில் 1948இல் தோன்றிய எக்ஸ்-கே என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சின் குலமே ஈ-ரைப்புக்கும், மார்க் பத்து முதலான பெரிய குடும்பக் கார்களுக்கும் இதயமாக அமைந்திருந்தது. அன்று அதை எவரும் குற்றமென்று எண்ணவில்லை.

காலம் மாறிற்று. பழைய வண்டிகள் அரும்பொருள்கள் ஆயின. தோற்றத்திலே இம்மியும் வேறுபாடில்லாத இரண்டு வண்டிகளுள், தொழிற்சாலையில் தனக்குப் பொருத்திய எஞ்சினையே இன்றும் சுமந்து நிற்பது மற்றதைவிட மிகுந்த விலை பெறுகிறது. விலையில் வேற்றுமை பிறந்த அன்றே பொய்க்கும் வேலை பிறந்துவிடுகிறது.

இரும்பிலே பொறித்த இலக்கம்

நண்பருக்கு நான் எழுதிய முதலாவது விதி இது: மூன்று சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும். முதற் சாட்சி எஞ்சினே. இரண்டாவது, வண்டியில் ஆணியடித்துப் பொருத்திய தகடு. மூன்றாவது, தொழிற்சாலையின் பதிவேடு.

ஈ-ரைப்பின் பொன்னற்றைத் திறந்து, எஞ்சினின் வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒயில் பில்ற்றர் பொருத்தியிருக்கும் இடத்துக்கு மேலே, பிளொக் எனப்படும் இரும்புடலில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். பிளொக்குக்கு மேலே முடிபோல் அமர்ந்திருப்பது சிலிண்டர் ஹெட். அது அலுமினியத்தால் ஆனது. அதன் முன்புறத்திலும் அதே இலக்கம் பொறித்திருக்க வேண்டும். உடலும் தலையும் ஒன்றாய்ப் பிறந்தன என்பதற்கு அதுவே அடையாளம்.

அவ்விலக்கம் வெறும் வரிசை எண்ணன்று, அதற்கோர் இலக்கணமுண்டு. 1961 முதல் 1964 வரை செய்த 3.8 லீற்றர் ஈ-ரைப் எஞ்சினின் இலக்கம் 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தோடு தொடங்கும். 1964இல் 4.2 லீற்றர் எஞ்சின் வந்தபோது '7-ஈ' என்று தொடங்கிற்று. 1968இல் வந்த இரண்டாம் வரிசை வண்டிகளில் '7-ஆர்' ஆயிற்று. இலக்கத்தின் ஈற்றில் ஒரு சிறு கோடும், அதன்பின் 8 அல்லது 9 என்ற எண்ணும் வரும். சிலிண்டரினுள் வாயு எத்தனை பங்காக அமுக்கப்படுகிறது என்பதை அது காட்டும். 9 என்றால் ஒன்பதுக்கு ஒன்று. ஆகவே 1962ஆம் ஆண்டு வண்டியொன்றில் '7-ஈ' என்று தொடங்கும் எஞ்சின் காணப்பட்டால், அவ்வண்டி பிறந்து ஈராண்டு கழிந்தபின் பிறந்த எஞ்சின் அது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடலாம். '8-எல்' என்று தொடங்கினாலோ, அது எக்ஸ்-ஜே-6 என்னும் குடும்பக் காரிலிருந்து வந்து குடியேறியது.

நண்பர் அனுப்பிய படங்களில் பிளொக்கின் இலக்கம் 'ஆர்' என்றே தொடங்கிற்று; ஈற்றில் 9 இருந்தது. இலக்கணம் பிழையில்லை. தகட்டைப் பார்த்தோம். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், கியர்ப் பெட்டி இலக்கம், உடல் இலக்கம் என நான்கும் அதிலே வரிசையாய் நின்றன. தகட்டிலிருந்த எஞ்சின் இலக்கமும் பிளொக்கின் இலக்கமும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒத்தன.

ஒரேயொரு குறை. சிலிண்டர் ஹெட்டின் இலக்கம் வேறாயிருந்தது. அதுவும் 'ஆர்' வரிசைதான். ஆனால் எண் வேறு. "ஹெட் எப்போதோ பழுதாகி மாற்றியிருப்பார்கள்; அலுமினிய ஹெட் அரிபடுவது வழமைதானே" என்று விற்பவர் விளக்கம் சொன்னாராம். விளக்கம் பொருத்தமாகவே பட்டது. மூன்று இடத்தில் இரண்டு இடம் ஒத்திருக்கின்றன. பெரும்பான்மை வண்டியின் பக்கம்.

இங்கேதான் நான் என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லும் ஒரு வார்த்தையை நண்பருக்கும் எழுதினேன். முன்கூட்டியே கூடிப் பேசிக்கொண்ட இரண்டு சாட்சிகளை இருவரென்று எண்ணலாகாது, அவர்கள் ஒருவரே. பிளொக்கின் இலக்கத்தைப் பார்த்துத் தகட்டை எழுதியிருந்தால், தகடு புதிதாக எதையும் சொல்லவில்லை. எழுத்து வெட்டாத புதுத் தகடுகள் இங்கிலாந்தில் உதிரிப்பாகக் கடைகளிலே விலைக்குக் கிடைக்கின்றன. துருப்பிடித்த தகட்டை மாற்றுவதற்கென்று நேர்மையாக வாங்குவோரும் உண்டு. வேறு நோக்கத்தோடு வாங்குவோரும் உண்டு.

பதிவேடு பேசிற்று

மூன்றாம் சாட்சிக்கு அந்த ஐயம் இல்லை. ஜகுவார் தொழிற்சாலை, வண்டி செய்த காலத்திலேயே ஒவ்வொன்றின் விபரத்தையும் பதிவேட்டில் எழுதி வைத்தது. அப்பதிவுகளை 1983இல் தொடங்கிய ஜகுவாரின் மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை காத்து வருகிறது. வண்டியின் உரிமையாளர் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், செசி, எஞ்சின், கியர்ப் பெட்டி, உடல் ஆகியவற்றின் இலக்கங்கள், முதலில் பூசிய நிறம், செய்து முடித்த நாள், அனுப்பிய நாள், பெற்றுக்கொண்ட முகவர் ஆகிய விபரங்களோடு சான்றிதழொன்று அனுப்புவார்கள். பிற்காலத்திலே எவன் எந்த இரும்பில் எதைப் பொறித்தாலும், அந்த மை மாறுவதில்லை.

சான்றிதழ் பெறும்படி நண்பர் விற்பவரைக் கேட்டார். அவர் தயங்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சில வாரங்களில் சான்றிதழ் வந்தது. செசி இலக்கம் பொருந்திற்று. நிறம் பொருந்திற்று. ஆனால் பதிவேட்டிலிருந்த எஞ்சின் இலக்கம் பிளொக்கின் இலக்கமன்று. எல்லாரும் ஒதுக்கிவைத்த அந்தச் சிலிண்டர் ஹெட்டின் இலக்கமே அது!

வாசகர்களே, நடந்ததை இப்போது நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் அந்த வண்டியின் பிளொக் கெட்டுப்போயிற்று. வேறொரு ஈ-ரைப்பின் பிளொக்கைக் கொண்டுவந்து பொருத்தினார்கள்; நல்ல நிலையிலிருந்த பழைய ஹெட்டை வீணாக்காமல் அதன்மேல் மாட்டினார்கள். இதுவரை குற்றமொன்றுமில்லை. பின்பு, யாரோ ஒருவர் புதுத் தகடொன்று வாங்கி, புதுப் பிளொக்கின் இலக்கத்தை அதிலே வெட்டி ஆணியடித்தார். அந்த ஆணியோடுதான் பொய் உள்ளே நுழைந்தது. ஒத்த குரலிற் பேசிய இருவர் பிந்தி வந்தவர்கள். தனித்து நின்றவனே வீட்டுக்காரன்.

பதிவேடு கைக்கு எட்டாதபோது

எல்லா வண்டிக்கும் இத்தகைய பதிவேடு கிடைப்பதில்லை. அமெரிக்காவின் கொர்வெற் என்னும் பந்தயச் சாயல் கார் இதற்கு நல்ல உதாரணம். எந்த வண்டிக்கு எந்த எஞ்சின் போயிற்று என்று கேட்டறியக்கூடிய தொழிற்சாலைப் பதிவு, 1960களின் கொர்வெற் வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை. ஆகையால் அங்குள்ள ஆராய்ச்சியாளர் இரும்பையே நுணுகிப் படிக்கப் பழகிவிட்டனர்.

அந்த எஞ்சினின் வலப்பக்கச் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளொக்கிலே சிறிய சமதளமொன்று உண்டு. உதாரணமாக, 1963ஆம் ஆண்டு வண்டியொன்றில் 'எஃப் 0218 ஆர்எஃப்' என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். 'எஃப்' என்பது மிச்சிகன் மாநிலத்து பிளின்ற் நகர எஞ்சின் தொழிற்சாலை. '0218' என்பது எஞ்சினைக் கூட்டி முடித்த பெப்ருவரி 18ஆம் நாள். 'ஆர்எஃப்' என்பது எரிபொருளை ஊசிவழி பாய்ச்சும் 360 குதிரைவலு எஞ்சின் என்பதைக் காட்டும். அருகே வண்டியின் சொந்த இலக்கத்தின் ஈற்றுப் பகுதியும் பொறித்திருக்கும்.

இவற்றோடு, பிளொக்கை வார்த்த நாளும் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். மாதத்துக்கு ஓரெழுத்து: 'ஏ' சனவரி, 'பி' பெப்ருவரி என்று வரும். 'பி 4 3' என்றால் 1963 பெப்ருவரி 4. இனி மாணவர்கள் கணக்கைப் போடலாம். முதலில் வார்ப்பு, பிறகு எஞ்சின் கூட்டுதல், அதன் பிறகே சென் லூயிஸ் நகரத்தில் வண்டி பிறத்தல். மூன்று நாட்களும் இந்த ஒழுங்கில், ஒன்றுக்கொன்று சில வாரங்கள், மிஞ்சினாற் சில மாதங்கள் இடைவெளியில் நிற்க வேண்டும். மார்ச் மாதத்தில் பிறந்த வண்டிக்குள் மே மாதத்தில் வார்த்த பிளொக் இருக்குமாயின், பிள்ளைக்குப் பின் தாய் பிறந்த கதையாகும்.

இலக்கத்தை மாற்றிப் பொறிப்பவர்களும் உண்டு. அவர்கள் பழைய இலக்கத்தைத் தேய்த்தழித்தே புதியதை அடிக்க வேண்டும். தேய்த்தால், தொழிற்சாலைக் கருவி அச்சமதளத்தில் விட்டுச் சென்ற நுண்ணிய இணைகோடுகள் மறைந்துபோகும்; உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் அந்த வழுவழுப்பே காட்டிக்கொடுக்கும். எழுத்தின் வடிவம், ஆழம், இடைவெளி ஆகியன அக்காலத்து அச்சுகளோடு ஒத்தனவா என்றும் பார்ப்பார்கள். அச்சு அடிக்கும்போது எழுத்தின் அடியிலுள்ள உலோகமும் அமுக்குண்டு மாறுகிறது. எனவே, மேற்பரப்பைத் தேய்த்த பின்னும், தக்க அமிலம் தடவினால் அழிந்த எழுத்து சில வேளைகளில் நிழல்போல் மீண்டும் தெரியும். குற்றப் புலனாய்வு ஆய்வுகூடங்கள் கையாளும் முறை இது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தேய்ந்த எஞ்சினைப் புதுப்பிக்கும்போது பிளொக்கின் மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவார்கள். அப்போது குற்றமற்ற எஞ்சினும் தன் இலக்கத்தை இழந்துவிடலாம். ஆகவே, இலக்கம் இல்லாமை மாத்திரம் களவுக்குச் சான்றாகாது.

மாற்றிய எஞ்சின் மானக்கேடா?

இவ்வளவும் படித்தவர்கள், எஞ்சின் மாறிய வண்டியெல்லாம் போலி என்று முடிவு செய்தல் கூடாது. பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனமே 'கோல்ட் சீல்' என்ற பெயரில் புதுப்பித்த எஞ்சின்களைப் பழையதற்கு மாற்றாக விற்றது. நம்மூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில், நான் சிறுவனாயிருந்தபோது, யாழ்ப்பாணத்தில் பெற்றோல் காண்பதே அரிதாயிற்று. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே ஓடின. எங்கள் மாமாவின் காரில் எத்தனை வண்டிகளின் உறுப்புகள் கூடியிருந்தனவென்று மாமாவுக்கே தெரியாது. ஆனால் எத்தனையோ நோயாளிகளை அது நள்ளிரவில் ஆசுபத்திரி சேர்த்தது. அதைப் போலியென்று சொல்ல எனக்கு நாவெழாது.

இங்கிலாந்தின் உயர் நீதிமன்றமும் இக்கேள்வியை 1990இல் சந்தித்தது. 'பழைய முதலாம் இலக்கம்' என்று பெயர் பெற்ற பென்ற்லி பந்தய வண்டி, பிரான்சின் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் 1929இலும் 1930இலும் வென்றது. பின்பு பந்தயத்துக்காக அதை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். 1932இல் அதற்கு 8 லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அவ்வாண்டே புறூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நேர்ந்த விபத்தில் கிளைவ் டன்பி என்ற வீரர் அவ்வண்டியிலே உயிரிழந்தார். பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டு வீதிக்கு வந்தது. ஒரு கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்ட ஒரு கம்பனி, இது அந்த வண்டியே அன்று என மறுத்தது. 1929ஆம் ஆண்டு வண்டியின் உறுப்புகளில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே எஞ்சியிருந்தன. வென்ற எஞ்சின் அதில் இல்லை.

நீதிபதி ஒட்டன் விற்பவர் பக்கமே தீர்ப்பளித்தார். அவ்வண்டி எந்த நாளிலும் கலைந்து மறைந்து போகவில்லை. ஒவ்வொரு மாற்றமும் ஒரே வண்டியின் தொடர்ந்த வாழ்விலே நிகழ்ந்தது. ஆதலால் அப்பெயருக்கு அது உரியதே என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஆனால் 1929இலோ 1930இலோ பந்தயம் வென்ற அதே உருவில் அது இன்று இருக்கிறதென்று அவர் சொல்லவில்லை. பாட்டன் கட்டிய வீட்டுக்கு ஓடு மாற்றுகிறோம், வளை மாற்றுகிறோம், அதனால் அது பாட்டன் வீடு அல்லாமற் போவதில்லை. ஆனால் புது ஓட்டைக் காட்டி, "இது பாட்டன் போட்ட ஓடு" என்று விலை பேசினால் அது பொய். மாற்றம் குற்றமன்று, மாற்றத்தை மறைப்பதே குற்றம்.

நண்பர் என்ன செய்தார்?

அவர் சான்றிதழை விற்பவரிடம் காட்டியபோது, அம்மனிதரின் முகம் வெளிறிப்போயிற்றாம். அவரும் 'இலக்கங்கள் பொருந்திய வண்டி' என்று நம்பி முன்னொருவரிடம் அதிக விலை கொடுத்தே வாங்கியிருந்தார். இருவரும் ஒரு தேநீர்க்கடையில் நெடுநேரம் இருந்து பேசினார்கள். விலை இறங்கிற்று. விற்பவருக்கு நட்டந்தான். நண்பர் வண்டியை வாங்கினார்.

வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை அந்தத் தகட்டின் ஆணிகளைக் கழற்றியதுதான். பதிவேட்டின்படி இலக்கம் வெட்டிய புதுத் தகட்டைப் பொருத்தினார். பழைய தகட்டை எறிந்துவிடாமல் ஓர் உறையில் இட்டு, வண்டியின் கடிதக் கோவையில் வைத்தார். கூடவே ஒரு தாள்: "இவ்வண்டியின் சிலிண்டர் ஹெட் அதனோடு பிறந்தது. பிளொக் வேறொரு வண்டியிலிருந்து பிற்காலத்தில் வந்தது. பழைய தகட்டிலிருந்த எஞ்சின் இலக்கம் தொழிற்சாலை எழுதியதன்று." அதன்கீழ்த் தம் கையொப்பமும் திகதியும் இட்டிருந்தார்.

"உண்மையை எழுதிவைத்ததால், நான் விற்கும் நாளில் எனக்கும் விலை குறையும் என்று வீட்டிலே பேச்சு வாங்கினேன்" என்று அவர் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். "ஆனால் அடுத்து வாங்குகிறவனுக்கு உன்னைப்போல ஒரு நண்பன் இருப்பானோ என்னவோ!"

கணக்குக் கொப்பியில் கார் கீறி அடி வாங்கிய அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். அந்தத் தாளின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த தவணையில், செப்பேடுகளைப்பற்றிய பாடம் தொடங்குமுன் அதை வகுப்பில் வாசிப்பேன்.